அஞ்சு மணி வாளி

"ஒண்ணு அந்தம்மா இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே!"

மோட்டாரைப் பார்க்க வந்த வீட்டு ஓனர் வெள்ளையனை வாசலிலேயே மறித்துக்கொண்டார் காசிமாயன்.

ராயபுரத்தில் அந்த லைன் வீட்டில் ஆறு குடித்தனம். எல்லோருக்கும் ஒரே குழாய். காசிமாயன் கை காட்டியது எதிர் வீட்டை. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ரஹ்மத்துன்னிசா அங்கே தனியாக இருந்தாள்.

"என்னங்க பிரச்சினை?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு இரும்பு வாளியைக் கொண்டாந்து குழாயடியில தடார்னு வைக்கிறாங்க. தொழுகைக்குக் கை கால் கழுவணுமாம். நான் ஷிப்மென்ட் நேரத்துல ஒரு மணி வரைக்கும் மிஷின்ல உக்காந்துட்டு வந்து படுக்கிறவன். தூங்க வேண்டாமா?"

"அந்தம்மிணி ரெண்டு வருசமா இங்கதானே இருக்குது? இப்பென்ன புதுசா?"

"இந்தச் சத்தம் ஒரு ஏழு மாசமாத்தாண்ணே. எம் மகளும்தான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு பேங்க் பரிச்சைக்குப் படிக்கிது. ஒரு சத்தம் உண்டா? தானா எந்திரிக்கும். தானா படிக்கும். எங்க வம்சத்துலயே முதல் டிகிரி!"

கதவுக்குப் பின்னால் புத்தகத்தோடு நின்ற அனுசுயாவுக்கு முகம் சூடேறியது.

தானாக ஏது? செல்லில் அலாரம் வைத்தால் அப்பா விழித்துக்கொண்டு திட்டுவார். வைக்காவிட்டால் அவள் விழிப்பதில்லை. இதை ஒருநாள் துணி துவைக்கும்போது ரஹ்மத்தக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அப்புறம் எப்படியோ அந்த வாளிச் சத்தம் அவளுக்குத் தோதாக அமைந்துவிட்டது. வருகிற ஞாயிறு பரீட்சை.

'சத்தம் இருக்கட்டும்' என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்பாவின் முதுகைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

ரஹ்மத்துன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏனம்மிணி, ஆறு மணிக்கு மேல கும்பிட்டுக்கக் கூடாதா?" என்றார் வெள்ளையன்.

"சூரியன் எனக்காகக் காத்திருக்காதுங்க. அது வர்றதுக்கு முன்னாடி தொழுதாகணும்."

"சாமி கும்பிடறதுக்கு ஊரையே எழுப்பணுமா?" என்றார் காசிமாயன்.

"கார்த்திகை மாசம் மாலை போட்டுட்டு, இதே குழாயடியில நாலு மணிக்குக் குளிச்சு சரணம் சொன்னீங்களே, நான் கேட்டனுங்களா? வெந்நி வேணுமான்னுதானே கேட்டேன்?"

"அது சாமி காரியம்!"

"இது மட்டும் என்னங்க, மாமியா ஊட்டுக் காரியமா?"

யாரோ ஜன்னலுக்குள் சிரித்தார்கள். காசிமாயனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா பேச்சை!"

ரஹ்மத்துன்னிசா அவரை விட்டுவிட்டு வெள்ளையனைப் பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு மவுத்தாகி என்னைய ஒண்டியா விட்டுட்டுப் போனப்புறம் ஆறு மாசம் நான் மத்தியானம் வரைக்கும் படுத்தே கிடந்தவளுங்க. வேலையும் போச்சு. ஒரு நாள் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்டு எந்திரிச்சுத் தொழுதேன். அன்னைக்குத்தான் எனக்கு விடிஞ்சுது. நேரத்துல எந்திரிக்காத மனுசரு என்ன ஆவாங்கன்னு எனக்குத் தெரியும். ஊட்டை வேணா காலி பண்றனுங்க. எந்திரிக்கறதை விடமாட்டேன்."

வெள்ளையன் தலையைச் சொறிந்தார்.

"சரி, நாளைக்கும் சத்தம் கேட்டா மாசக் கடைசியில காலி பண்ணிரோணும். அவ்வளவுதான் அம்மிணி."

இரவல் வாங்கிய கரண்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனாள் அனுசுயா.

"அக்கா, நான் பேசியிருக்கணும். பேசல."

"பேசியிருந்தா உங்கப்பா உன்னையத்தானே போட்டு வறுத்திருப்பாரு. பரிச்சை நேரத்துல அது எதுக்கு?"

"நாளைக்குத் தொழுகைக்கு என்னக்கா பண்ணுவீங்க?"

ரஹ்மத்துன்னிசா குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு எனக்குத் தொழுகை இல்ல கண்ணு. வியாழக்கிழமையில இருந்தே இல்ல. மாசத்துல அந்த நாள்ல பொம்பளைங்களுக்கு விலக்கு."

ஒரு காலை வாசற்படியில் வைத்த அனுசுயா அப்படியே நின்றுவிட்டாள்.

வியாழன், வெள்ளி, சனி, இன்று. விரல் விட்டு எண்ணிக்கொண்டாள்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை. மணி அஞ்சு.

தடார்!

காசிமாயன் வேட்டியை வாரிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "சொல்லி ஒரு நாள் ஆகல, அதுக்குள்ள திமிரைப் பாரு! இரு, வெள்ளையண்ணனுக்கு இப்பவே போனைப் போடுறேன்..."

குழாயடியில் ரஹ்மத்துன்னிசாவின் இரும்பு வாளியோடு நின்றது அனுசுயா.

"போடுங்கப்பா. காலி பண்ண வேண்டியது நாமதான்னு சொல்லுங்க."

"என்ன புள்ள பேசுற? அந்தம்மா எங்க?"

"தூங்குறாங்க. அவங்களுக்கு நாலு நாளா தொழுகையே கிடையாது."

"பின்ன நேத்து வரைக்கும் சத்தம் கேட்டுச்சே?"

அனுசுயா வாளியை உயரத் தூக்கி இன்னொரு தடவை தரையில் போட்டாள். ஆறு வீட்டிலும் விளக்கு எரிந்தது.

"நான் ஒரு நாளும் தானா எந்திரிக்கலப்பா."