ருசி பார்க்க ஒரு மூடி

“அந்த மூடிய அப்படியே கீழ வைங்க.”

வாய்க்குப் பக்கத்தில் போன பாட்டில் மூடி நின்றது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த பரந்தாமன் திரும்பிப் பார்த்தார். மளிகைக் கடை வாசலில், தோளில் பையோடு ஒருவர் நின்றிருந்தார்.

“யாருப்பா நீ? இது அரிஷ்டம். மருந்து. எங்க மாப்ள கடை. ருசி பாத்துகினு கீறேன்.”

“எத்தனாவது மூடி?”

“எண்ணிகினா ருசி பாப்பாங்க?”

வந்தவர் சிரிக்காமல் அடையாள அட்டையை நீட்டினார். “கங்காதரன். மதுவிலக்கு இன்ஸ்பெக்டர்.”

பரந்தாமன் மூட்டையிலிருந்து இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

கடைக்காரர் எத்திராஜ் அப்போதுதான் எல்லம்மாவுக்கு ஆயுத பூஜைப் பொரி அளக்க ஆரம்பித்திருந்தார். பாதியில் நிறுத்த மனமில்லை. “லாபம்… ரெண்டு… மூணு… நாலு…” என்று நாலு படியையும் பைக்குள் கொட்டிவிட்டே நிமிர்ந்தார். முதல் படியை ‘ஒண்ணு’ என்று சொல்லிவிட்டால் அன்றைய வியாபாரமே போச்சு என்று நினைக்கிற பரம்பரை அவருடையது.

கங்காதரன் அதைப் பொறுமையாகக் கேட்டு முடித்தார். பிறகு மூட்டைப் பக்கத்தில் திறந்திருந்த சாம்பிள் பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் ஆட்டினார். கால்வாசிதான் மிச்சம்.

“இது எப்படிச் செய்றாங்கன்னு தெரியுமா?”

“மூலிகைக் கஷாயம் சார்.”

“கஷாயத்துல வெல்லமும் காட்டாத்திப் பூவும் போட்டு, ஜாடி வாயை மூடி ஒரு மாசம் வெச்சுடுவாங்க. வெல்லம் புளிச்சு, கொஞ்சம் சாராயம் தானா ஊறும். மருந்தைக் கெடாம காப்பாத்துறதே அந்தச் சாராயம்தான். அதனாலதான் சீல் வெச்ச பாட்டிலா விக்க விடுறாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், சாப்பிட்டதும் ரெண்டு ஸ்பூன். அதுவரைக்கும் மருந்து. அதையே கடையில திறந்து வெச்சு ஊத்தினா, ஸ்பூன் கணக்கு போயிடும். ருசிக்கு ஏதுங்க அளவு?”

“கம்பெனிக்காரங்க டஜனுக்கு ஒரு சாம்பிள் குடுக்குறாங்க சார். வாங்க வர்றவங்க ஒரு மூடி ருசி பாக்கட்டும்னு.”

“வாங்குறாங்களா?”

எத்திராஜ் பரந்தாமனைப் பார்த்தார். மனைவி ராணியின் அண்ணன். ஊட்டுக்கு மூத்த மச்சான். என்ன சொல்ல முடியும்?

எல்லம்மா சொன்னாள். “இன்னாத்த வாங்குறாங்க? ஆறு மணியானா இந்த அண்ணாத்தேவும் கூட்டாளிங்க எட்டுப் பேரும் மூட்டை மேல குந்திகினு ஒரே கூத்து. பொம்பளைங்க நாங்க அரைப்படி உப்புக்குக் குமணன்சாவடி வரைக்கும் நடக்குறோம்.”

“தா, நீ பொரிய எடுத்துகினு கெளம்பு!” என்றார் பரந்தாமன். அவள் நகரவில்லை. வேடிக்கையை விட்டுப் போக அவளுக்கென்ன பைத்தியமா?

கங்காதரன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். “மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. கடைக்கு சீல் வெச்சுட்டு வான்னுதான் மேலதிகாரி அனுப்பினார்.”

“சீலா!” எத்திராஜின் முகம் வெளுத்தது. “சார், பன்னெண்டு வருசக் கடை சார். இது ஒண்ணுதான் எங்களுக்குச் சோறு. சாம்பிள எடுத்துகினு போயிருங்க. கடைய மட்டும் மூடிடாதீங்க.”

“எவன் எழுதினான்?” பரந்தாமன் துள்ளினார். “எதிர்த்த சைக்கிள் கடை கலியமூர்த்தி வேலதான் இது. ஊட்டாண்ட போயி ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!”

“அவரு இல்ல மச்சான்.” எத்திராஜ் அவசரமாகக் கையைப் பிடித்துக்கொண்டார். “பாவம், அவரு வம்புக்கே போவாதவரு.”

கங்காதரன் அலமாரியில் இருந்த மற்ற பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒரு சீலும் உடைந்திருக்கவில்லை. மறுபடி கடிதத்தைப் பிரித்தார். படித்தார். எத்திராஜைப் பார்த்தார். பொரி மூட்டையில் குத்தி நின்ற படியைப் பார்த்தார். திரும்பவும் கடிதம்.

“சரி, எச்சரிக்கையோட விடுறேன்.”

ஒரு வெள்ளைத் தாளை வாங்கிப் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘இங்கு அரிஷ்டம் ருசி பார்க்கக் கொடுக்கக் கூடாது. மீறினால், கொடுப்பவரும் குடிப்பவரும் கைது செய்யப்படுவர்.’ கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கல்லாவுக்கு மேலே அவரே ஒட்டினார்.

“குடிக்கிறவனுமா?” என்றார் பரந்தாமன்.

“மொதல்ல அவர்தான்.”

“மாப்ளே, நாங்க இனிமே டீக்கடையாண்டயே குந்திக்கறோம். நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. கவருமெண்டு சொன்னா நீ இன்னா பண்ணுவ, பாவம்.” செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பெரிய மனதோடு கிளம்பினார். எல்லம்மா சிரிப்பை அடக்கியபடி பின்னாலேயே போனாள். தெருவுக்கு இந்தச் சேதி உடனே போக வேண்டாமா?

“ரொம்ப உபகாரம் சார்,” எத்திராஜ் கைகூப்பினார்.

கங்காதரன் சாம்பிள் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். “உங்க மச்சான்கிட்ட நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா ராணி ஒரு மாசம் பேச மாட்டா சார்…” என்று ஆரம்பித்த எத்திராஜ், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

கங்காதரன் கடிதத்தைக் கல்லா மேல் விரித்து வைத்தார். நாலு புகார்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 3, நாலாவதற்கு 4.

முதல் புகாருக்கு முன்னால், ‘லாபம்’ என்று எழுதியிருந்தது.