தன் ஒலி, வெளி ஒலி

சோதனைப் பெட்டிக்குள் இருந்தவரை புதுக் காதுக் கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. அப்பாவின் காதில் வைத்ததும் கீச்சென்று கத்தியது.

அக்கா எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அடங்கியது. மறுபடி காதில் வைத்தாள். கத்தியது.

அவளுக்கு இதுதான் வேலை. ஊரில் பாதிப் பேருக்குக் காதுக் கருவி பொருத்தியவள் அவள். சொந்த அப்பாவிடம் வந்து மாட்டிக்கொண்டாள்.

கீச்சொலி எப்படி வருகிறது என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். கருவி வெளிச் சத்தத்தை வாங்கி, பெரிதாக்கி, காதுக்குள் விடுகிறது. காதுக்கும் அதன் அளவுக்கு வார்த்துச் செருகிய அச்சுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் அந்தச் சத்தம் வெளியே கசியும். கசிந்ததைக் கருவி மறுபடி வாங்கும், மறுபடி பெரிதாக்கும். இப்படியே சுற்றிச் சுற்றி, தான் சொன்னதைத் தானே கேட்டு, கத்த ஆரம்பித்துவிடும்.

அச்சை விரலால் அழுத்திப் பார்த்தாள். சத்தம் நின்றது.

அப்பா இளைத்திருக்கிறார். அம்மா போனபின் கன்னம் ஒட்டி, காதுத் துளைகூடத் தளர்ந்துவிட்டது. பழைய அச்சு இனி பொருந்தாது.

இப்போதைக்குப் பெரிய ரப்பர் முனை ஒன்றை மாட்டினாள். கணினியில் அளவுகளைத் திருத்துவதற்காகக் கருவியின் ஒலியை அணைத்தாள். அப்பா வழக்கம்போல் இரண்டு மகள்களையும் மாறி மாறிப் பார்த்துத் தலையாட்டினார்.

அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில் தங்கை ஆரம்பித்தாள். "சொல்லுக்கா. இன்னைக்கே பதில் சொல்லணும்ல?"

தொலைவில் ஒரு நகரம். அக்காவின் நிறுவனத்துக்கே அங்கே இதைவிடப் பெரிய காதுக் கருவி நிலையம், அவளுக்குத் தலைமைப் பொறுப்பு. போனால், அப்பா தங்கை வீட்டில் குழந்தைகளோடு குழந்தையாக ஓர் அறையில் ஒண்டிக்கொள்ள வேண்டும். போகாவிட்டால் இந்த வாய்ப்பு இன்னொரு தடவை வராது. அப்பா இந்த ஊரை விட்டு நகரமாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம்.

"பிரார்த்தனை பண்ணேன். 'போ'ன்னு வந்துச்சுடி. தெளிவா."

"உன் கடவுள் என்னக்கா, உங்க மேனேஜர் மாதிரியே பேசுறாரு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது.

குரல் வந்தது பொய்யில்லை. கண்மூடி உட்கார்ந்திருந்தபோது தானாக வந்தது. ஆனால் எங்கிருந்து? மேலேயிருந்து வந்ததும் உள்ளேயே சுற்றியதும் கேட்பதற்கு ஒன்றுபோலத்தானே இருக்கும்?

கருவிக்கும் இதே சிக்கல் உண்டு. தன் கீச்சொலியும் யாரோ ஊதும் குழலும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அது ஒரு வேலை செய்கிறது. தான் விடும் ஒலியை லேசாக மாற்றிப் பார்க்கிறது. உள்ளே வரும் சத்தமும் கூடவே மாறினால் அது தன்னுடையது. மாறாவிட்டால், வெளியே யாரோ நிஜமாகவே ஊதுகிறார்கள்.

அவளும் மாற்றிப் பார்த்தாள்.

அந்தப் பதவி இந்த ஊரிலேயே கிடைத்துவிட்டதாக நினைத்தாள். சும்மா ஒப்புக்கு இல்லை, மனதார நினைத்தாள். அதே பொறுப்பு, அதே சம்பளம், வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

'போ' நின்றுவிட்டது. அந்த இடத்தில் 'இரு' என்று வந்தது. அதே தெளிவு, அதே குரல்.

அவளுக்கு முகம் சூடேறியது.

இன்னொன்றும் இருந்தது. அதை அவள் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. பிரார்த்தனையில் 'போ'வுக்கு முன்பே வந்தது அது. உதவாது என்று ஒதுக்கிவிட்டிருந்தாள்.

'அவரைக் கேள்.'

வேலை அங்கே என்று நினைத்தாலும் அதுதான். இங்கே என்று நினைத்தாலும் அதுதான். வேலையே வேண்டாம் என்று நினைத்துப் பார்த்தாள். அப்போதும் அசையவில்லை.

அதற்காக அதைக் கடவுள் என்று சொல்லிவிட முடியாது. கருவியே சில சமயம் நல்ல குழலோசையைத் தன் கீச்சொலி என்று எண்ணி அழித்துவிடுகிறது. குற்ற உணர்ச்சியும் இப்படி அசையாமல் நிற்கக்கூடியதுதான். யாருடைய குரல் என்று தெரியாது. ஆனால் அது சொல்வதைச் செய்து பார்க்க, கருவியின் ஒலியைத் திறக்கும் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

தட்டினாள்.

கீச்சொலி இல்லை. தெருவில் ஏதோ வண்டி போனது. அப்பா சன்னல் பக்கம் திரும்பினார்.

"அப்பா, எனக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?"

தங்கை திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தாள். பழைய கருவி பழுதானதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்பாவிடம் எதையும் கேட்டதில்லை. சொல்வார்கள். அவர் தலையாட்டுவார்.

இப்போது அவர் தலையாட்டவில்லை.

"எப்போ கிளம்பணும்?"

"நான் மட்டும்தான்பா. நீங்கதான் இந்த ஊரை விட்டு வரமாட்டீங்களே."

"யாரு சொன்னா?" என்றார் அப்பா. "உங்கம்மாவுக்குப் புடிச்ச ஊருன்னு இருந்தேன். ரெண்டு டிக்கெட்டாப் போடு."