சுவரோரம் ஒரு குழி

"என்னங்க, வந்து பாருங்க! உங்க அண்ணன் நம்ம சுவரோரமா குழி தோண்டறாரு. மூட்டை மூட்டையா உப்பு வேற இறங்கியிருக்கு!"

மனைவி போட்ட சத்தத்தில் தம்பியின் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

அப்பா விட்டுப்போன பழைய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கிக் கொண்டவர்கள் அண்ணனும் தம்பியும். மாடிப்படி யாருக்கு என்று மூண்ட சண்டை. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

தம்பி கொல்லைப்பக்கம் ஓடினான். அங்கே மட்டும் சுவர் மார்பளவுதான். எட்டிப் பார்த்தான்.

அந்தப் பக்கம் ஆழமான குழி. நடுவில் ஒரு இரும்புக் குழாய். எலக்ட்ரீஷியன் அதைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் தண்ணீர்க் குடத்தோடு நின்றார்.

தம்பிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உப்பும் தண்ணீரும் அரித்து, சுவர் இந்தப் பக்கம் சாய வேண்டும்! என்ன மனுஷன்!

"எலக்ட்ரீஷியன்! சுவருக்கு ஏதாவது ஆச்சு, கோர்ட்டுக்கு இழுப்பேன்னு அவர்கிட்ட சொல்லுங்க!"

"ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறாரு. நீங்களே சொல்லுங்களேன் சார்."

"அவரோட எனக்கென்ன பேச்சு?"

அண்ணன் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். "சட்டையெல்லாம் காபி. முதல்ல அதைத் துடைக்கச் சொல்லுப்பா அவனை."

"என் சட்டையைப் பத்தி அவருக்கென்ன அக்கறைன்னு கேளுங்க!"

"குழிக்குள்ள நிக்கிறவனை ஏன் சார் தபால்காரன் ஆக்கறீங்க?" என்று எலக்ட்ரீஷியன் மேலே ஏறி வந்தான். பச்சைக் கம்பி ஒன்றைக் குழாயில் முறுக்கி, மறுமுனையைச் சுவருக்கு மேலாகத் தம்பி பக்கம் வீசினான்.

"ஏய், இதை எதுக்கு இங்க போடறே?"

"எர்த் சார். கரண்டு கசிஞ்சா ஆளை அடிக்காம மண்ணுக்குள்ள போறதுக்கு. பழைய வயரிங்ல எர்த்தை இரும்புத் தண்ணிக் குழாயில கட்டியிருந்தாங்க. நீங்க பிளாஸ்டிக் குழாய் மாத்தினீங்கள்ல, அதோட போச்சு. வாஷிங் மெஷினைத் தொட்டா ஷாக் அடிக்குதா?"

"ஆமாங்க!" என்றாள் மனைவி. "நேத்து இவரைத் தூக்கியே போட்டுடுச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க அலறினது சுவர் தாண்டிக் கேட்டுதாம். விடிஞ்சதும் வந்து என்னைக் கையோட கூட்டிட்டு வந்துட்டாரு."

தம்பி விடவில்லை. "அவர் வீட்டுக்குப் போடறதுல எனக்கும் ஒரு கம்பியா? பிச்சையா போடறாரு?"

"அவர் வீட்டுக்கு முன்வாசல்லயே போன மாசம் போட்டாச்சு சார். இந்தக் குழி உங்களுக்கு மட்டும்தான். உங்க பக்கம் பூரா சிமெண்ட் பூசிட்டீங்க. ஈரமண் இவர் பக்கம்தானே இருக்கு!"

தம்பி கீழே கிடந்த கம்பி முனையைக் கையில் எடுத்தான்.

எலக்ட்ரீஷியன் சுவரைத் தாண்டித் தம்பி வீட்டுக்குள் போய்க் கம்பியை மாட்டி, டெஸ்ட் பல்பை வைத்தான். பளீரென்று எரிந்தது. மனைவி பயந்து பயந்து புறங்கையால் மெஷினைத் தொட்டாள். மறுபடி தொட்டாள்.

"அடிக்கலைங்க! அடிக்கவே இல்லைங்க!"

அந்தச் சத்தமும் சுவர் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி.

தம்பி சுவரோரம் வந்து நின்றான். "எலக்ட்ரீஷியன்... அண்ணன்கிட்ட சொல்லுங்க..." சட்டையிலிருந்த காபிக் கறையைத் துடைக்க ஆரம்பித்தான்.

அண்ணன் மீதித் தண்ணீரைக் குழியில் ஊற்றினார்.

"அவன்கிட்ட சொல்லுப்பா. குழி காயக்கூடாது, தினமும் தண்ணி நான் ஊத்திக்கிறேன். இதை வச்சு சமாதானம்னு நினைச்சுட வேண்டாம். மாடிப்படிச் சண்டை அப்படியேதான் இருக்கு. அதைப் போடறதுக்கு என் தம்பி நல்லா இருக்கணும்ல!"