திருத்திய பதிப்பு

"அப்படி ஒரு புக்கு இருந்ததையே மறந்துடு பாப்பா. மூணாவது தடவையா வர்ற, எனக்கே சங்கடமா இருக்குது."

புகழ்வேந்தன் மண்வெட்டியால் மடையைத் திருப்பிவிட்டார். தண்ணீர் அடுத்த கரும்புப் பாத்திக்குள் ஓடியது. பாகூர் ஏரிக்குக் கீழே இரண்டு காணி நிலம் அவருக்கு. வயது அறுபத்தொன்று.

செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் நின்றிருந்த பிரியதர்ஷினி, வில்லியனூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பழைய தமிழ்ப் புத்தகங்களை, எழுதியவர்களின் அனுமதியோடு இணையத்தில் இலவசமாக வெளியிடும் குழு ஒன்றிலும் இருந்தாள். சம்பளம் கிடையாது. தண்ணீர் கசிந்து ஊறிய இந்த வரப்பில் வழுக்கி விழாமல் நடப்பது உட்பட எல்லாம் அவள் விருப்பத்தில் செய்வதுதான்.

"ஒரே ஒரு கையெழுத்து சார். அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் காசில்லாம படிக்கலாம், பிரிண்ட் போட்டுக்கலாம், நாலு பேருக்குக் குடுக்கலாம். எழுதினது நீங்கதான்னு உங்க பேர் மட்டும் அதுல இருக்கணும். அவ்ளோதான் அந்த லைசென்ஸ்."

"ஐந்நூறு காப்பி போட்டதுக்கே ஒரு குடும்பம் ஒடஞ்சு போச்சு. நீ இன்னாடான்னா உலகத்துக்கே குடுக்கலாம்ங்கிற."

புகழ்வேந்தன் மோட்டார் கொட்டகையின் நிழலில் போய் உட்கார்ந்தார். அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

அவர் எழுதியது ஒரே ஒரு நாவல். பெயர் 'பதினோரு நாள்'. ஒருவனை நம்பி வீட்டை விட்டுப் போன பெண்ணை, பதினோராம் நாள் அவன் கடலூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவள் தனியாக ஊர் திரும்புகிறாள். அச்சாகி இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது.

"எந்தங்கச்சி கதைம்மா அது. அவ மேல தப்பில்லன்னு சொல்லத்தான் எழுதினேன். செங்கமலம்னு பேர மாத்திப் போட்டேன், யாருக்குத் தெரியப்போவுதுன்னு. ஒரே வாரத்துல ஊரே கண்டுபுடிச்சிடுச்சு. நிச்சயம் பண்ணியிருந்த கல்யாணம் நின்னு போச்சு."

"அப்புறம்?"

"சண்ட கூடப் போடலம்மா. பேச்ச நிறுத்திட்டா. ரெண்டு வருஷம் கழிச்சு செல்லிப்பட்டுல ஒருத்தருக்கு ரெண்டாந்தாரமா போனா. அம்மா செத்தப்ப வந்தா. வந்தவ என் மூஞ்சியப் பாக்காமலே போய்ட்டா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கடைகடையா ஏறி எறங்கி, மிச்சம் இருந்த காப்பியெல்லாம் வாங்கியாந்து இதே கொல்லையில போட்டுக் கொளுத்தினேன். அதோட எழுதறதையும் வுட்டேன். ஆமா, உனக்கு மட்டும் எங்கேர்ந்து கெடச்சுது?"

"ஒரு வாசகர்கிட்ட இருந்துச்சு சார். அவங்களே ஃபோன்ல டைப் பண்ணியும் குடுத்துட்டாங்க. நூத்தியெண்பது பக்கம், ஆறு மாசம் ஆச்சு. ஒரு தடவ பாருங்க சார். பாத்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா அழிச்சிடறோம். இனிமே நான் வரமாட்டேன்."

கடைசியாகச் சொன்னதற்காகவே அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நீட்டிய டேப்லெட்டை வாங்கியிருக்க வேண்டும்.

அலட்சியமாகத்தான் ஆரம்பித்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஓர் இடத்தில் லேசாகச் சிரித்தார். தான் எழுதியதா இது என்பதுபோல ஒரு பத்தியை வாய்க்குள்ளேயே இரண்டு முறை படித்துப் பார்த்தார். பாத்தி நிறைந்து தண்ணீர் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

சட்டென்று நிமிர்ந்தார்.

"இன்னா இது?"

வேகமாகப் பக்கங்களைத் தள்ளினார். இரண்டாம் அத்தியாயம், ஐந்தாம் அத்தியாயம், கடைசிப் பக்கம். செங்கமலம் என்று இருக்க வேண்டிய எல்லா இடத்திலும் உஷாராணி என்று இருந்தது.

அது அவருடைய தங்கையின் பெயர்.

"எவன் வேல இது? ஊர்க்காரன் எவனோதான். இத்தன வருஷம் கழிச்சும் அவள வுடமாட்டானுங்களா?" அவர் எழுந்து நின்றுவிட்டார். "நான் மூடி வச்ச பேர எடுத்து உலகம் பூராக் காட்டப் பாக்கறானே! அவளுக்கு இப்ப பொண்ணு இருக்குது, மருமவன் இருக்கறாரு. டைப் பண்ணது யாரு? சொல்லு."

"சார், அவங்க..."

"சொல்லுன்றேன்ல!"

பிரியதர்ஷினி டேப்லெட்டை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"நீங்க பாத்துட்டுக் கேட்டா மட்டும்தான் சொல்லச் சொன்னாங்க சார். 'அண்ணன் எல்லாத்தையும் நெசமாத்தான் எழுதிச்சு, என் பேரத்தான் மறைச்சிடுச்சு. தப்பு பண்ணாதவ பேர எதுக்கு மறைக்கணும்? நானே போட்டுட்டேன், கையெழுத்து போடச் சொல்லு'ன்னாங்க."