கான்சாபுரத்தில் விட்ட கரண்டி

வேன் கான்சாபுரம் கண்மாய்க் கரையை விட்டு இறங்கியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எதையோ விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

முன்சீட்டில் உட்கார்ந்தபடியே தோள்பையை மடியில் கவிழ்த்தேன். கேமரா இருந்தது. அளவு நாடா இருந்தது. 'வட்டார வரலாற்று மன்றம், இராஜபாளையம் – பதினோராவது களப்பயணம், 1988' என்று நானே எழுதி, நானே எழுத்தைக் கோணலாக்கிய துணிப் பேனரும் இருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அது மூக்கிலேயே இருந்தது.

"என்ன சார், சீட்டுல எறும்பா?" என்றான் டிரைவர் சங்கிலிப்பாண்டி.

"ரோட்டப் பாத்து ஓட்டுலே."

என் பயமெல்லாம் பொருளைப் பற்றியதல்ல. ஆளைப் பற்றியது.

போன வருஷம் சுந்தரபாண்டியப் பயணத்தில் ஓர் ஆளை விட்டுவிட்டு வந்திருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானரத்தினம். புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கப் போனவர், திரும்பி வந்து பார்த்தால் வேன் இல்லை. வைக்கோல் லாரியில் ஊர் வந்து சேர்ந்தார்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். இன்னொரு ஆளைத் தொலைத்தால் செயலாளர் பதவி விலக வேண்டும். அதைப் பிழையில்லாமல் பதிவேட்டில் எழுதி வைத்ததும் செயலாளராகிய நான்தான். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பதவி அது.

அன்றிலிருந்து பெயர் வாசிப்பு. கிளம்புமுன் வேன் படியில் நின்று உறுப்பினர் பெயர்களை உரக்கப் படிப்பேன். பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் 'உள்ளேன் ஐயா' சொல்வார்கள். ஞானரத்தினம் சார் பாதுகாப்புக்காக இரண்டு தடவை சொல்வார்.

இன்றைக்கும் என்னையும் சேர்த்து இருபத்திரண்டு பெயர். இருபத்திரண்டு பேரும் இருந்தார்கள்.

சொற்பொழிவிலும் குறையில்லை. கண்மாயின் பழைய மடைக்கல்லில் இருந்த எழுத்துகளில் கோலமாவு தேய்க்கப்பட்டு, தூரத்திலிருந்தே படிக்கும்படி இருந்தது. நாற்பது நிமிடம் பேசினேன். பார்த்த கல்லைக் கழுவிச் சுத்தமாக விட்டு வருவதுதான் நம் மன்றத்தின் வழக்கம் என்று குரலை உயர்த்தி முடித்தேன். கைதட்டல் அடங்குவதற்குள் வாளி கண்மாய்க்குள் இறங்கிவிட்டது. நம் பயணங்களில் எல்லாம் தானாகவே நடக்கும். அப்படி ஓர் ஏற்பாடு.

பிறகு என்னதான் உறுத்துகிறது?

"வண்டிய நிறுத்துலே."

வத்திராயிருப்பு வருமுன்பே மறுபடி பெயர் வாசித்தேன்.

"பொறவு வாய்ப்பாடும் ஒப்பிக்கணுமா?" என்று பின்னாலிருந்து கேட்டார் மில் மேஸ்திரி மாரிச்சாமி. சிரிப்பு. அதற்கிடையிலும் எண்ணினேன். இருபத்திரண்டு.

பிளவக்கல் அணையில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். புளியோதரைப் போணி இறங்கியது. மூடி திறந்தது. வாசனை வந்தது. பரிமாற ஒன்றும் இல்லை.

"கரண்டி!" என்று கத்தினேன். இருபத்தொரு பேரும் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள். "கரண்டியத்தான் விட்டுட்டு வந்திருக்கோம்!"

அம்புட்டுச் சந்தோஷம் எனக்கு. கரண்டிக்காக யாரும் பதவி விலக வேண்டியதில்லை.

சங்கிலிப்பாண்டி வேனின் கடைசி சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாக என் பக்கம் வந்தான்.

"கரண்டி கெடக்கட்டும் சார். அக்காவ எங்க?"

தலைமையாசிரியர் எழுந்து நின்றார்.

பரிபூரணம். என் மனைவி. பதினோரு பயணங்களாகப் பாத்திரங்களோடு கடைசி சீட்டில் வருகிறவள். புளியோதரை அவள். கோலமாவு அவள். வாளி அவள்.

உறுப்பினர் இல்லை.

நானும் சங்கிலிப்பாண்டியும் மட்டும் திரும்பினோம். வழியெல்லாம் மூன்று மன்னிப்பும் ஒரு ஜோக்கும் தயார் செய்தேன். கரை கண்ணில் பட்டபோது நான்கும் மறந்துபோயின.

கல் கழுவப்பட்டிருந்தது. எழுத்துக் குழிகளில் ஒரு பொட்டு மாவு இல்லை. பக்கத்தில் வாளி கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது. அவள் கரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வயர்கூடை. கூடைக்கு வெளியே கரண்டியின் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

மூச்சு வாங்க ஏறிப்போய் நின்றேன். வாயில் வந்தது மன்னிப்பு இல்லை.

"ஏட்டி, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பேரு வாசிச்சது கீழ தண்ணி வரைக்கும் கேட்டுச்சு. எம் பேரு வரட்டும், உள்ளேன்னு சொல்லுவோம்னு வாளியோட நின்னுக்கிட்டு இருந்தேன்."