ஆறாம் நம்பர் மலைக்கு மேலே

"இந்தா, ஒன் மருமக இன்னைக்கும் நம்மளப் படம் புடிக்க ஆரம்பிச்சிட்டா!"

ராக்காயி கையை நீட்டியதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைக்கு மேலே ட்ரோன் 'ஙொய்ங்' என்று நின்றது.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, ஆறாம் நம்பர் மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். நாகலெட்சுமிக்கு முகம் செத்துப்போயிற்று.

"சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டுப் போறோம். இதெல்லாம் எவன் போன்ல ஓடுதோ!" என்றாள் ராக்காயி.

"வீட்டுல ஒரு கறிச்சட்டி கழுவுறதில்லையாம். இதுல வானத்துல வெளையாட்டு வேற" என்றாள் மீனம்மா.

சட்டி விஷயத்தை அவர்களிடம் சொன்னதே நாகலெட்சுமிதான். அடுத்தவள் வாயிலிருந்து திரும்பி வரும்போது சுருக்கென்றது.

ட்ரோன், மகன் கிஷாந்துடையது. ஹட்டனில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கிறான். மருமகள் ஷாமிலா அதை ஓட்டப் பழகினாலும் பழகினாள், காலையில் அடுப்படியில் ஆளே கிடையாது. போட்டது போட்டபடி கிடக்க, வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள்.

"நீங்க போய்க்கிட்டே இருங்க. அதை இன்னைக்கு ஒடச்சுப் போட்டுட்டு வர்றேன்."

நாகலெட்சுமி குறுக்குப் பாதையில் விறுவிறுவென்று இறங்கினாள்.

அடுப்படியில் ராத்திரிச் சட்டி காய்ந்துபோய்க் கிடந்தது. லயத்துக்குப் பின்னால் ஷாமிலா. இரண்டு கையிலும் ரிமோட், அதில் மாட்டிய போனில் கண். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இன்னொரு பழைய போன்.

"யாரோடடி பேச்சு?"

"ஒரு நிமிசம், அத்த..."

"என்னடி ஒரு நிமிசம்? தோட்டமே காறித் துப்புது!"

ரிமோட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். தரையில் அடிக்க ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. போனில் என்னவோ தெரிந்தது. மெல்ல முகத்துக்கு நேராக இறக்கினாள்.

மலை தெரிந்தது. முப்பது வருசம் அவள் ஏறி இறங்கிய மலை. அதை அவளுடைய முழங்காலுக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியும். கண் இன்றைக்குத்தான் பார்க்கிறது. சீப்பு வைத்து வாரிவிட்டது போல நிரை நிரையாகத் தேயிலை. மிச்சமிருந்த பனி பள்ளத்தில் தங்கிக் கிடந்தது. கோயில் கோபுரம் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நின்றது. பாதையில் புள்ளி புள்ளியாக என்னவோ ஊர்ந்தது.

"இந்தச் செவப்பு?"

"ராக்காயி அக்கா. தலையில செவப்புத் துணி."

"யாத்தாடி! நம்ம தோட்டமா இது?"

கோபப்பட வந்ததே அவளுக்கு மறந்துபோயிற்று.

"ஆட்டாம புடிங்க அத்த. இந்த மரத்தப் பாருங்க."

ஷாமிலா இரண்டு விரலால் படத்தை விரித்தாள். பாதையோரத்துச் சவுக்கு மரம் கிட்டே வந்தது. கிளைக்கு அடியில், முறம் அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று தொங்கியது. அதன் மேல்தோல் முழுக்க உயிரோடு நெளிந்தது.

குளவிக் கூடு!

ஷாமிலா படத்தைப் பழையபடி சுருக்கினாள். புள்ளிகள் அந்த மரத்தைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தன.

ரிமோட்டைப் பிடுங்கியபோது கீழே விழுந்த பழைய போனை ஷாமிலா பொறுக்கிக் காதில் வைத்தாள். மறுமுனையில், மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. "கண்டாக்கு ஐயா, இருக்கீங்களா? ஆறாம் நம்பர் வேணாங்க. பாதையோரச் சவுக்குல பெரிய கூடு. எல்லாரையும் ஏழாம் நம்பருக்குத் திருப்புங்க. அங்க பார்த்துட்டேன், ஒண்ணுமில்ல."

நாகலெட்சுமி மூச்சு விடாமல் போனையே பார்த்தாள். ஒரு புள்ளி மட்டும், கண்டாக்காகத்தான் இருக்கும், முன்னால் ஓடியது. மற்றதெல்லாம் நின்றன. அப்புறம் ஒவ்வொன்றாக இடது பக்கம் வளைந்து, மரத்தை விட்டு விலகிப் போயின.

"எத்தன நாளா இந்த வேல?"

"ஏழு மாசமா, அத்த. நீங்க மலையேறுற எல்லா நாளும். கிட்ட போனா கலைஞ்சிரும்னு தள்ளி நின்னுதான் பார்ப்பேன். இதோட பதினோரு கூடு."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி?"

"சொன்னா பயந்துக்கிட்டே ஏறுவீங்க. கண்ணு மரத்துல இருந்தா கை கொழுந்துல நிக்குமா? ஐயாவும் வெளிய சொல்ல வேணாம்னுட்டாரு."

ஷாமிலாவின் கண் படத்திலிருந்த அந்தச் சவுக்கு மரத்துக்குப் போனது.

"பூண்டுலோயாவுல எங்கம்மா குளவி கொட்டிச் செத்த அன்னைக்கு, அங்க கூடு இருந்ததே யாருக்கும் தெரியாது, அத்த."

தூங்குகிற பிள்ளையைக் கைமாற்றுவது போல, நாகலெட்சுமி ரிமோட்டை இரண்டு கையாலும் மருமகளிடம் கொடுத்தாள்.

அவள் ஏழாம் நம்பர் மலைக்கு ஏறி வந்தபோது பெண்கள் நிரை பிடித்து நின்றார்கள்.

"என்ன, ஒடச்சிட்டியா?" என்று ராக்காயி கேட்டு வாய் மூடவில்லை, மேலே சத்தம் கேட்டது. "அடியே, இன்னும் பறக்குது! கண்டாக்குக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கு, பாதி வழியில மலைய மாத்திட்டாரு. நீ போயி என்னத்தத்தான் கிழிச்ச?"

நாகலெட்சுமி அண்ணாந்து பார்த்தாள். கண் கூசியது. பார்வையை எடுக்கவில்லை.

"பறக்கட்டும், ராக்காயி. அது பறக்காத அன்னைக்கு எனக்குச் சொல்லு. அன்னைக்கு நான் மலைக்கு வரமாட்டேன்."