டீச்சர் மறந்த வரி

"ஏண்டி வர்ஷினி, பாட்டு டீச்சர் பொண்ணு இப்படி வாயை மூடிண்டு உக்காந்திருக்கலாமா? ஒரு பாட்டு பாடு, அப்பத்தான் சுண்டல்!"

ஸ்ரீலக்ஷ்மி மாமி விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் கொலு பார்க்க வந்திருந்த மயிலாப்பூர் மாமிகள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு வர்ஷினியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பதிமூன்று வயசுப் பெண்ணுக்கு முகம் வெளிறிப் போச்சு. பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா ஸ்ரீநாத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வர்ஷினி பாடினால் எதிர் ஃப்ளாட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் குறைப்பார்கள். நாலு பேர் முன்னால் என்றால் மட்டும் கை ஜில்லிட்டுப் போகும். போன வருஷம் பள்ளிக்கூடப் போட்டியில் குரலே எழும்பாமல் மேடையை விட்டு இறங்கினாள். அன்றோடு சரி. இப்போது பாட்டே வேண்டாம் என்கிறாள்.

"பாடேண்டி! இதுல என்ன பயம்? யாராவது உன்னைக் கடிச்சுத் தின்னுடப் போறாளா?" என்று அதட்டினார்.

வர்ஷினிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அவளை விடுங்கோ. நான் பாடறேன்," என்றாள் அம்மா நீரஜா.

ஸ்ரீநாத் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்னே? நீரஜா டீச்சர் என்றால் அந்தத் தெருவே எழுந்து நிற்கும். அங்கே இருந்த மாமிகளில் பாதிப் பேர் தங்கள் குழந்தைகளை அவளிடம்தான் பாட்டுக்கு அனுப்புகிறார்கள்.

பல்லவி கணீரென்று வந்தது. அனுபல்லவிக்குப் போனாள். அட ராமா! சுருதி எங்கேயோ போச்சு. அடுத்த வரியும் வரவில்லை.

"டீச்சருக்கே மறந்துடுத்தா?" என்று ஒரு மாமி பக்கத்து மாமியின் காதைக் கடித்தாள். கூடம் முழுக்கக் கேட்டது.

நீரஜா சிரித்தாள். "ஆமாம் மாமி, மறந்துடுத்து! போனாப் போறது, மறுபடி எடுக்கறேன்."

மறுபடி எடுத்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள். ஸ்ரீநாத்துக்கு மானம் கப்பலேறியது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தார்.

அப்போதுதான் அந்த வரி வந்தது. மெல்ல, நடுங்கிக்கொண்டு, ஆனால் சுத்தமாக.

வர்ஷினி!

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். சரணத்துக்கு வந்தபோது நடுக்கம் போயிருந்தது. நீரஜா வாயைத் திறக்கவில்லை, தொடையில் தாளம் மட்டும் போட்டாள். முடிந்ததும் ஸ்ரீலக்ஷ்மி மாமி ஓடி வந்து வர்ஷினிக்குத் திருஷ்டி கழித்தாள்.

சுண்டலை வாங்கிக்கொண்டு வர்ஷினி முன்னால் இறங்கிப் போனதும் ஸ்ரீநாத் நீரஜாவைப் பிடித்துக்கொண்டார்.

"வருஷக்கணக்கா சொல்லிக்கொடுக்கற பாட்டு. அது எப்படி மறக்கும்?"

"யார் மறந்தா? இந்தப் பயத்துக்காக அவளை அழைச்சுண்டு போனேனே, அந்த அடையார் டாக்டர் என்ன சொன்னார்? 'பயப்படாதேன்னு அதட்டாதீங்கோ. தப்புப் பண்ணினா தலை போயிடாதுன்னு கண்ணால பாக்கட்டும்'னார். நீங்கதான் மீட்டிங்குன்னு வரலை. அதான் காட்டினேன். அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்கோ."

"அதுக்காக அத்தனை பேருக்கு நடுவுல உன் பேரைக் கெடுத்துண்டு..."

"பேர் கெடக்கு! கொழந்தை பாடினாளா இல்லையா?" என்றவள், தாம்பூலத்தை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்ப உள்ளே போனாள்.

கீழே ஸ்கூட்டர் பக்கத்தில் வர்ஷினி சுண்டலைத் தின்றுகொண்டிருந்தாள். ஸ்ரீநாத்துக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இவளுக்கு அப்பன், நீரஜாவுக்குப் புருஷன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போகலாம் போல இருந்தது.

"பயம் போயிடுத்தாடி கண்ணு?"

"எங்கே போச்சு? இப்பவும் கை ஜில்லுனுதான் இருக்கு, பாரு."

தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றுதான் இருந்தது.

"அப்புறம் எப்படிப் பாடினே?"

வர்ஷினி மாடிப்படியை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மாவாவது, சுருதி தப்பறதாவது! எனக்காக வேணும்னேதான் தப்பாப் பாடினா. நான் எடுக்கலேன்னா அடுத்தாத்துக் கொலுவுலேயும் போய் இதையேதான் பண்ணுவா. எங்கம்மாவைப் பாத்து யாராவது சிரிக்கலாமா? அதான் பாடிட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாதேப்பா!"